கழுத்தில் வந்த மச்சம்

ரிங்லெட்,
3.3.2024

அன்புள்ள அத்தானுக்கு,

இங்கு அனைவரும் நலம். ஜொகூரில் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? போனில் பேசினால் எஸ்டேட் லைன் வீடுகள் முழுக்கக் கேட்கும், அதனால்தான் எழுதுகிறேன். தை மாதம் நம் கல்யாணத்துக்குள் என் வெண்புள்ளிகளை மறைக்க என் தோழி மோகனா ஓர் ஊசி சொன்னாள். வெள்ளைக்காரர்கள் தோல் கறுக்கப் போட்டுக்கொள்வதாம். ஆன்லைனில் வாங்கி வயிற்றில் நானே குத்திக்கொள்கிறேன். கொஞ்சம் குமட்டுகிறது, அவ்வளவுதான். ஊரே வெளுக்கக் கிரீம் பூசுகிறது, நான் கறுக்க ஊசி போடுகிறேன். சிரிக்காதீர்கள்.

உங்கள் வசுமதி

ஜொகூர் பாரு,
12.3.2024

அன்பு வசு,

சிரிப்பு வரவில்லை, கோபம்தான் வருகிறது. மருந்துக்கடைக்காரரிடம் கேட்டேன். "அனுமதி இல்லாத மருந்து தம்பி. குப்பியில என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்? மச்சமெல்லாம் கறுக்கும், புதுசா வரும். நிறுத்தச் சொல்லு லா" என்றார். அதைத் தூக்கிப் போடு. வெண்புள்ளியோடு இருக்கும் உன்னைத்தான் நான் பெண் கேட்டேன்.

உன் அகிலன்

ரிங்லெட்,
6.10.2024

அத்தானுக்கு,

நீங்கள் சொன்னபோதே நிறுத்தவில்லை, போன மாதம்தான் நிறுத்தினேன். புள்ளிகள் வெள்ளையாகவே இருக்கின்றன. சுற்றியுள்ள தோல் கறுத்துப்போய் அவை இன்னும் எடுப்பாகத் தெரிகின்றன. கியா பார்ம் சந்தையில் நான் வேலை பார்க்கும் கடைக்கு ஸ்ட்ராபெர்ரி வாங்க வருகிறவர்கள் என் கையைப் பார்த்ததும் அடுத்த கடைக்குப் போகிறார்கள்.

கழுத்தில் ஒரு கறுப்பு மச்சம் புதிதாக வந்திருக்கிறது. உங்கள் அம்மா பார்த்துவிட்டு, "தாலி ஏறுற இடத்துல மச்சம், யோகக்காரிடி நீ" என்று என் கன்னத்தைத் தடவினார். அத்தை இதுவரை என்னைத் தொட்டதே இல்லை. மச்சம் அகலமாகிக்கொண்டே வருகிறது, துணி உரசினால் ரத்தம் கசிகிறது. கல்யாணம் முடிந்ததும் டாக்டரிடம் காட்டிக்கொள்கிறேன்.

வசு

ஜொகூர் பாரு,
14.10.2024

வசு,

போனை ஏன் எடுக்க மாட்டேன் என்கிறாய்? ரத்தம் கசிகிற மச்சத்தில் என்ன யோகம்? அம்மா பேச்சை விடு. நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ. எனக்குப் பயமாக இருக்கிறது.

அகிலன்

ஈப்போ ஆஸ்பத்திரி,
19.12.2024

அத்தான்,

உங்கள் கடிதம் வந்த பிறகும் ஒரு மாதம் தள்ளிப்போட்டேன். மச்சத்தை வெட்டிச் சோதித்துவிட்டார்கள். புற்றுநோயாம், நுரையீரல் வரை போய்விட்டதாம். ஊசியால்தான் வந்தது என்று டாக்டர் அடித்துச் சொல்லவில்லை. "முன்னாடியே வந்திருக்கலாமேம்மா" என்று மட்டும் சொன்னார்.

அத்தையைத் திட்டாதீர்கள். அது நல்ல மச்சம் இல்லை என்று எனக்கே தெரிந்திருந்தது. அதை எடுத்துவிட்டால் அத்தை பழையபடி தள்ளி நிற்பாரோ என்றுதான் வைத்திருந்தேன்.

கல்யாணத்தை நிறுத்திவிடும்படி அப்பாவிடம் சொல்லிவிட்டேன். நீங்கள் வரவேண்டாம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். முடியவில்லை. சீக்கிரம் வாருங்கள்.

வசு