பதினான்கு கோல்கள்

பதினோராம் எண் சட்டைக்காரிக்கு,

நம் பெண்கள் கால்பந்து கிளப்புக்கு இந்த வருடம் ஐம்பது வயது. அதன் வரலாற்றை எழுத எல்ச்சின் என்றொரு பெண் வீட்டுக்கு வருகிறாள். இப்போதைய கோல்கீப்பர்.

பழைய பத்திரிகைகளை மேசையில் பரப்பினாள். எல்லாவற்றிலும் என் பெயர்தான். உன் அப்பா விளையாட்டுப் பக்கத்தை வரி விடாமல் படிப்பார், தெரிந்தால் ஆட விடமாட்டார் என்று நீ என் பெயரில் ஆடினாய். நான் உன் மேலங்கியை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

"பதினாலு கோலா அக்கா? சரியான அமுக்குணியா இருந்திருக்கீங்களே," என்றாள்.

நான் மறுக்கவில்லை. உன் அப்பா போய் முப்பது வருடமாகிறது. இருந்தாலும் ஜெர்மனியில் இருக்கும் உன்னைக் கேட்காமல் எப்படிச் சொல்வது?

போன ஞாயிறு எல்ச்சினோடு சேர்த்து நான்கு பெண்கள் சிமித் ரொட்டியோடு வந்தார்கள். டீ போட்டு மாளவில்லை. அவர்கள் போன பிறகு ஐந்து கண்ணாடிக் குவளைகளைக் கழுவிக் கவிழ்த்தேன். தினமும் ஒன்றுதான் கழுவுவேன்.

கிளம்பும்போது எல்ச்சின் கேட்டாள்: "இஸ்மிர் டீமுக்கு எதிரா அந்தக் கடைசி கோல் போட்டப்ப உள்ளுக்குள்ள எப்படிக்கா இருந்துச்சு?"

"வயசாச்சும்மா. யோசிச்சு வைக்கிறேன், அடுத்த ஞாயித்துக்கெழம வா," என்றேன்.

உன் பெயரைச் சொல்லலாமா, கூடாதா என்று நீ எழுத வேண்டாம். அந்தப் பந்து வலைக்குள் போனபோது எப்படி இருந்தது என்று மட்டும் எழுது. ஞாயிற்றுக்கிழமைக்குள் கிடைக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் மேலங்கியை வைத்திருந்தவள்