கார்பன் பிரிவுக்கு ஒரே ஒரு நாற்காலி

அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அப்பாவும் சுகம், மாடியில் இருக்கும் உன் அத்தையும் சுகம், அவளுடைய முழங்கால் மட்டும் அவள் பேச்சைக் கேட்பதில்லை. நீ சுகமா என்று கேட்கப்போவதில்லை. நீ சுகமாகத்தான் இருக்கிறாய், போன வாரம் அனுப்பிய படத்தில் கன்னம்கூடக் கொஞ்சம் பூசியிருக்கிறது, ஜன்னலோரம் மேசை, மேசைமேல் விளக்கு, சுற்றிலும் புத்தகம். அந்தச் சுகத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதமே. போனில் சொல்லாமல் இதென்ன கடிதம் என்று நினைப்பாய். போனை எடுத்தால் உன் அப்பா என் தோளில் தாடையை வைத்துக்கொண்டு நிற்கிறார், எனக்கும் சாப்பிட்டியா, தூங்கினியா, ஸ்வெட்டர் போட்டியா என்பதைத் தாண்டி வாய் வருவதில்லை. அதோடு, நான் சொல்ல வந்ததை உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னால் பாதியிலேயே சிரித்து மழுப்பிவிடுவேன். மழுப்பக் கூடாத விஷயம் இது. நிதானமாக உட்கார்ந்து படி, பஸ்ஸில் தொங்கிக்கொண்டு படிக்காதே.

முதலில் எங்கள் சின்ன முதலாளி உனக்கு எழுதச் சொன்னதை எழுதிவிடுகிறேன், பின்னால் யாரும் நான் மறைத்துவிட்டேன் என்று சொல்லக் கூடாது. எங்கள் அட்டைப்பெட்டிக் கம்பெனியில் பெட்டி வாங்குகிறவர்களில் பெரிய ஆள் ஒருவர், பிஸ்கட் கம்பெனிக்காரர், இனிமேல் பெட்டியோடு அந்தப் பெட்டி செய்ய எவ்வளவு கார்பன் வெளியேறியது என்ற கணக்கும் வர வேண்டும், வருடக் கடைசியில் காலநிலை அறிக்கையும் வர வேண்டும், இல்லாவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார். சின்ன முதலாளி ஆடிப்போய்விட்டார். உடனே கார்பன் பிரிவு என்று புதிதாக ஒன்று, அதற்கு ஒரே ஒரு ஆள், எங்கள் கணக்குப் பிரிவுக்குப் பக்கத்தில் பழைய பிரின்டர் கிடந்த மூலையைத் தடுத்து ஒரு அறை, ஒரு மேசை, ஒரு நாற்காலி. என்னைக் கூப்பிட்டு, “அக்கா, உங்க பொண்ணு இதத்தானே படிக்கிறா, படிப்பும் முடியப்போகுதுல்ல, எழுதி வரச் சொல்லுங்க, வேலைய அவளுக்கே குடுத்துடலாம்” என்றார். வியாழக்கிழமை அவரே உனக்குப் போன் செய்வார். சொல்லச் சொன்னதைச் சொல்லிவிட்டேன். இனி அவர் சொல்லச் சொல்லாததைச் சொல்கிறேன்.

விஷயம் வீட்டுக்கு வந்ததும் உன் அப்பாவுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. உன் அறையில் போட்டு வைத்திருந்த டிரில் மிஷின், பெயின்ட் டப்பா, உடைந்த மின்விசிறி எல்லாவற்றையும் வராந்தாவுக்குக் கடத்திவிட்டார். திரைச்சீலை வாங்கப் போனவர் நிறம் முடிவு செய்ய முடியாமல் இரண்டு நிறத்திலும் வாங்கிக்கொண்டு வந்து, ஜன்னலுக்கு ஒன்று கதவுக்கு ஒன்று என்று மாட்டியிருக்கிறார், பார்க்கச் சகிக்கவில்லை. அத்தையைக் கேட்கவே வேண்டாம். பால்கனியில் நின்றபடியே தெரு முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டாள். மருந்துக் கடைக்காரரிலிருந்து இஸ்திரி போடுகிறவர் வரை என்னைப் பார்த்து, “பொண்ணு வரப்போறாளாமே, இனிமே உங்களுக்கு என்ன கவலை” என்கிறார்கள். எல்லோருக்கும் வாயெல்லாம் பல். என் முகத்தில் மட்டும் ஈயாடவில்லை.

எனக்கு உன்மேல் பொறாமை, மகளே. எழுதிவிட்டேன். அடித்துவிட்டு வேறு வார்த்தை போடலாமா என்று பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தேன், வருத்தம், ஏக்கம் என்று என்னென்னவோ வந்தது, ஒன்றும் பொருந்தவில்லை. பொறாமைதான், பக்கத்து வீட்டுக்காரியின் புதுப் புடவையைப் பார்த்து வருமே அதே சாதாரணப் பொறாமை. நீ அங்கே படிக்கச் சேர்ந்த புதிதில் எனக்கு ஒன்றும் இல்லை, பெருமையாகத்தான் இருந்தது. ஒருநாள் போனில் நீ என்ன படிக்கிறாய் என்று கேட்டேன், ஞாபகமிருக்கிறதா. “கார்பன்னா கரி இல்லம்மா, கம்பெனி எரிக்கிற டீசல், வாங்குற கரன்ட், எல்லாத்துக்கும் ஒரு கணக்கு உண்டு, அத டன்னுல சொல்லணும்” என்று ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்தி, எனக்குக் காது மந்தம் என்பதுபோலச் சொன்னாய். அடியே, அந்தக் கம்பெனியின் டீசல் பில்லும் கரன்ட் பில்லும் நீ பிறப்பதற்கு முன்னாலிருந்து என் கையில்தான் இருக்கின்றன. “அப்படியா கண்ணு” என்று கேட்டுக்கொண்டேன். போனை வைத்த பிறகு வயிறு எரிந்தது. அதற்குப் பிறகு எதற்கெடுத்தாலும் “எங்க மேம் சொன்னாங்க”. நான் இருமலுக்கு மருந்து சொன்னால்கூட “எங்க மேம் வெறும் வெந்நீர்தான் குடிப்பாங்க”. அந்த அம்மாளை நான் பார்த்ததுகூட இல்லை, ஆனால் பிடிக்காது.

அப்புறம் அந்த வீடியோ. நீ கோட்டு போட்டுக்கொண்டு வகுப்புக்கு முன்னால் நின்று ஒரு கம்பெனியின் அறிக்கையைப் பிரித்து மேய்ந்தாயே, இங்கே குறைத்துக் காட்டியிருக்கிறார்கள், இங்கே மறைத்திருக்கிறார்கள் என்று விரலை நீட்டி நீட்டி. உன் அப்பா சட்டையிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு அதை முடிவெட்டுகிறவர் வரைக்கும் கொண்டுபோய்க் காட்டிவிட்டு வந்தார். நான் சமையலறைக்குள் போய், விளக்கி வைத்திருந்த பாத்திரத்தையே எடுத்து மறுபடி விளக்கினேன். நீ அவ்வளவு நன்றாகப் பேசினாய். நான் பி.காம் முடித்தபோது மேலே படிக்கிறாயா என்று கேட்க ஒரு ஆள் இல்லை, அதைப் பற்றி இத்தனை வருடம் நான் மூச்சு விட்டதும் இல்லை, நினைத்துக்கூடப் பார்த்ததில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். உன் விரல் நீண்டதைப் பார்த்ததும் அது என் விரலாக இருந்தால் என்ன என்று தோன்றிவிட்டது. பெற்ற பெண்ணைப் பார்த்து அப்படித் தோன்றலாமா என்று கேட்டால் எனக்குத் தெரியாது, தோன்றிவிட்டது, அவ்வளவுதான்.

அந்த வாரமே நானும் ஒரு வகுப்பில் சேர்ந்துவிட்டேன். டயர் கடைக்கு மேலே ஒரு பயிற்சி நிலையம் இருக்கிறதே, சனிக்கிழமை மதியம் கார்பன் கணக்கும் காலநிலை அறிக்கையும் சொல்லிக்கொடுக்கிறார்கள். நான் கண் டாக்டரிடம் போவதாக உன்னிடம் சொன்னேனே, கண்ணுக்கு ஒன்றுமில்லை, முன் வரிசையில்தான் உட்கார்ந்திருந்தேன். அப்பாவுக்கும் அத்தைக்கும் தெரியும். பாசம் என்று நினைத்துக்கொண்டார்கள். “பொண்ணு போன்ல பேசுறது புரியணும்னு அண்ணி இந்த வயசுல படிக்கிறாங்க” என்று அத்தை கண் கலங்கினாள், நான் மறுக்கவில்லை. வகுப்பில் எல்லாம் உன் வயதுப் பிள்ளைகள், வாத்தியாருக்கு உன்னைவிட இரண்டு வயது கூட இருந்தால் அதிகம், என்னை மேடம் என்றுதான் கூப்பிடுவார். முதல் பயிற்சியில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். எங்கள் கம்பெனியையே உதாரணமாக எடுத்து எழுதினேன், பாய்லருக்கு எரிப்பது, ஜெனரேட்டர் டீசல், வாங்குகிற கரன்ட் எல்லாம் சரி. சரக்கு ஏற்றிப் போகிற லாரியில் கோட்டைவிட்டேன். லாரி வாடகை லாரி, டீசலை மட்டும் நாம் போட்டுக் கொடுக்கிறோம், ஆகையால் அது டீசல் கணக்கில் ஒருமுறை வந்தது, வாடகை வண்டிக் கணக்கில் இன்னொரு முறை வந்தது. நான் இரண்டையும் கூட்டிவிட்டேன். வாத்தியார் அதைப் பேனாவால் சுழித்துவிட்டு, “மேடம், ஒரே புகைய ரெண்டு தடவ எண்ணிட்டீங்க” என்றார். பின் வரிசையில் சிரிப்பு. இத்தனை வருடம் கணக்குப் பார்த்தவளுக்கு எப்படி இருக்கும் நினைத்துப் பார். உன்னைக் கேட்டிருந்தால் உடனே சொல்லியிருப்பாய், கேட்பேனா.

அன்றிலிருந்து எனக்கு அது ஒரு வியாதியாகவே போய்விட்டது, எதைப் பார்த்தாலும் இரண்டு தடவை எண்ணுகிறார்களா என்று பார்க்கிறேன். இஸ்திரி போடுகிறவர் “பொண்ணு ஜெயிச்சா நீங்க ஜெயிச்ச மாதிரிதான்” என்றபோது எனக்குச் சுருக்கென்றது. எப்படி ஐயா அது? படித்தவள் அவள், குளிரில் நடந்து வகுப்புக்குப் போனவள் அவள், அதை அவள் கணக்கிலும் எழுதி என் கணக்கிலும் எழுதினால் எனக்கென்று என்ன மீதி? அவரிடம் சொல்லவில்லை, சட்டை காலர் சரியாக மடியவில்லை என்று வேறு எதற்கோ சண்டை போட்டுவிட்டு வந்தேன்.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன். பிஸ்கட் கம்பெனிக்காரர் அப்படிச் சொன்னார் என்று தெரிந்ததுமே நான் உட்கார்ந்து எங்கள் கம்பெனிக்கு ஒரு வரைவு அறிக்கை போட்டுவிட்டேன், இந்த முறை லாரியை ஒரே தடவை. ஏசி ரிப்பேர்க்காரர் வருடா வருடம் கேஸ் நிரப்பிவிட்டுப் போகிறாரே, கசிந்து போனது எங்கே போனது என்று அதையும் தேடிப் பிடித்துச் சேர்த்தேன். வாத்தியார் பார்த்தார், இரண்டு இடத்தில் திருத்தினார், மற்றபடி தலையை ஆட்டினார். அதைக் கையில் வைத்துக்கொண்டுதான், மகளே, சின்ன முதலாளி கூப்பிட்டதும் எழுந்து போனேன். எனக்குத் தரப்போகிறார் என்றே நினைத்தேன். போகும்போது முடியைக்கூட ஒதுக்கிக்கொண்டேன். “உங்க பொண்ணு” என்று அவர் ஆரம்பித்ததும் அந்தத் தாள்களை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். சரிங்க, எழுதுறேங்க என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, அந்தப் பிரின்டர் மூலையில் கொஞ்ச நேரம் சும்மா நின்றேன். உன்மேல் அவ்வளவு கோபம் வந்தது. நீ ஒரு தப்பும் செய்யவில்லை, எங்கேயோ ஒரு ஜன்னலோரம் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாய், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

மறுநாள் பொறுக்க முடியாமல் திரும்பிப் போய் அந்த வரைவை அவர் மேசையில் வைத்து, நானும் அந்த வேலைக்கு மனுப் போடுகிறேன் என்றேன். அவர் புரட்டிப் பார்த்தார், பார்த்துவிட்டுச் சிரித்தார், கேலிச் சிரிப்பு இல்லை, என்ன செய்வதென்று தெரியாத சிரிப்பு. “அக்கா, நல்லாத்தான் போட்டிருக்கீங்க, ஆனா அவ வெளியூர்ல பெரிய படிப்பு படிச்சவ, வாங்குறவங்க அதத்தான் பாப்பாங்க. ஒரே வீட்டு ஆளுங்க, நீங்களே பேசி ஒரு முடிவுக்கு வாங்க” என்று பந்தை நம் பக்கம் தள்ளிவிட்டார். வீட்டில் சொன்னதும் உன் அப்பா கையில் திரைச்சீலைக் கொக்கியோடு அப்படியே நின்றுவிட்டார். “பெத்த பொண்ணோட போட்டியா? அவ வீட்டுக்கு வர்றத நீயே கெடுப்பியா?” என்றார். அவர் கேட்டதில் தப்பில்லை. நீ வர வேண்டும் என்று எனக்கு இல்லையா? நீ குளித்துவிட்டு ஈரத் துண்டைக் கட்டில்மேல் போடுவாய் என்று திட்டிக்கொண்டே இருந்தேனே, இப்போது அந்தக் கட்டில் காய்ந்து கிடப்பதைப் பார்த்தாலே எனக்கு ஆகவில்லை. தெருவில் உன் நடை மாதிரி யாராவது நடந்தால் திரும்பிப் பார்த்துவிடுகிறேன். ஆனாலும் நீ வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்து, நான் பக்கத்து மேசையிலிருந்து கரன்ட் பில்லை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருப்பதை நினைத்தால் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுகிறேன். இரண்டும் உண்மை, ஒன்றைக் கழித்து இன்னொன்றைச் சொல்ல எனக்கு வரவில்லை.

ஆகவே பேசி முடிவுக்கு வரச் சொன்னாரே, என் பங்குப் பேச்சு இதுதான். உனக்கு அந்த வேலை வேண்டுமென்றால் வா, தாராளமாக வா, வந்து சின்ன முதலாளி அறையில் என் எதிரே உட்கார்ந்து மோதிப் பார், அவர் யாருக்குக் கொடுக்கிறாரோ கொடுக்கட்டும். நான் விலகமாட்டேன். அம்மா என்பதற்காக விட்டுக்கொடுப்பேன் என்று எதிர்பார்க்காதே, சாப்பாட்டில் நல்ல துண்டை உன் தட்டில் வைத்ததெல்லாம் வேறு, இது வேறு. உனக்கு வேண்டாமென்றால், அங்கேயே வேறு நல்ல வேலை உன் மனதில் இருந்தால், அவரிடம் வேண்டாம் என்று சொல், அதற்கு உன் காரணத்தைச் சொல். ஒன்று மட்டும் செய்யாதே. உன்னைக் கேட்கிறேன், கெஞ்சியே கேட்கிறேன், “எனக்கு வேண்டாம் சார், எங்கம்மாவுக்குக் குடுங்க” என்று சொல்லிவிடாதே. நீ சொல்லக்கூடியவள். நல்ல பெண் நீ, அதுதான் எனக்குப் பயம். நீ தூக்கிக் கொடுத்து நான் உட்கார்ந்தால், சாகும்வரை அது உன் நாற்காலியாகத்தான் இருக்கும்.

நேரத்துக்குச் சாப்பிடு, தலையை ஈரத்தோடு கட்டாதே, குளிர் காலம் முடிந்துவிட்டது என்று ஸ்வெட்டரைத் தூக்கிப் பெட்டியில் போடாதே. வியாழக்கிழமை போனைச் சைலன்டில் போட்டுவிட்டுத் தூங்கிவிடாதே, அவர் கூப்பிடும்போது எடு. இந்தக் கடிதத்தை அப்பா கேட்டால் வெறும் நலம் விசாரிப்பு என்று சொல்லிவிடு. நல்ல உடம்போடும் நல்ல மனிதர்கள் துணையோடும் நீண்ட நாள் சந்தோஷமாக இரு. என்னைவிட நன்றாக இரு என்று எல்லா அம்மாக்களும் முடிப்பார்கள், நானும் இதுவரை அப்படித்தான் முடித்திருக்கிறேன், மற்ற எல்லாவற்றிலும் இப்போதும் அதையேதான் சொல்கிறேன். இந்த ஒன்றில் மட்டும் என் கை அதை எழுதமாட்டேன் என்கிறது.

உன் அம்மா,
அதே வேலைக்கு மனுப் போட்டிருப்பவள்.