கடப்பிலே கட்டிய மணி

இன்று காலமை கம்பளிக் காலுறை தேடி உம்மட அலுமாரியைத் திறந்தேன். சீலைகளுக்கு அடியில் அந்த மரமணி. தூக்கியதும் ‘கடக்’ என்றது. ஒஸ்லோவில், அம்மருட்டில், ஒன்பதாம் மாடியில், வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்க, எனக்கு மாட்டுப்பட்டி மணத்தது.

நான் சொல்ல மகள் எழுதுகிறாள். எனக்கு எழுத்து வராது என்பது உமக்குத் தெரிந்ததுதானே.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் உங்கட ஆக்கள், இந்தப் பக்கம் நாங்கள். நடுவில் கிடந்த காடு யாருடையது என்பது பூட்டன் காலத்திலேயே தீரவில்லை. வந்த துரைமார் ஒவ்வொருவரும் எல்லைக்கல்லை ஒவ்வோர் இடத்தில் நட்டார்கள். உங்கட ஐயா எங்கட மாட்டைச் சாய்த்துக்கொண்டு போவார். எங்கட ஐயா உங்கட மாட்டை. களவு என்று இரண்டு வீட்டிலும் ஒருவரும் சொன்னதில்லை. ஆனால் ஒரு முறை இருந்தது. சாய்த்த மாட்டின் மணியைக் கழற்றிச் சொந்தக்காரனின் வேலிக் கடப்பில் கட்டிவிட்டு வரவேண்டும். மணி கிடந்தால் மாடு உயிரோடு நிற்கிறது, வந்து கேள் என்று அர்த்தம். மணி இல்லாவிட்டால் இறைச்சி.

உம்மைக் கூட்டிக்கொண்டு ஆறு கடந்த அன்று, உங்கட கடப்பில் எங்கட வெள்ளைப் பசுவின் மணியைக் கட்டிவிட்டுத்தான் வந்தேன். விடிய உங்கட ஐயா மணியோடு வந்து முற்றத்தில் நின்றார்.

“கேக்க வந்தனீரோ?” என்றார் எங்கட ஐயா.

உங்கட ஐயா உம்மைப் பார்த்தார். “மாடெண்டால் கேட்டிருப்பன். இதைப் பிள்ளையிட்டைக் குடுக்க வந்தனான்.”

அதற்குப் பிறகு இரண்டு பக்கமும் மாடு சாய்க்கவில்லை. பிறகு அந்தக் காட்டுக்காகச் சண்டை பிடிக்க வந்தவர்கள் மணி கட்டுகிற ஆக்கள் இல்லை. பட்டி போனது, வீடு போனது. நீர் மணியை மட்டும் சீலையில் சுற்றி ஒஸ்லோ வரைக்கும் கொண்டு வந்தீர்.

இங்கே கோபம் வந்தால் அதையே எடுப்பீர். “என்னை மாடெண்டு நினைச்சோ மணி கட்டினனீர்?”

“மாடு இவ்வளவு கதைக்காது” என்பேன். சிரிப்பை அடக்கிக்கொண்டு குசினிக்குள் போவீர்.

உம்மட மூச்சு நின்ற பிறகு, ஆஸ்பத்திரியில் உம்மை விட்டுவிட்டு வந்த அன்று, வீட்டுக் கதவின் கைப்பிடியைத்தான் முதலில் பார்த்தேன். ஒன்றும் கட்டிக் கிடக்கவில்லை. இதை இதுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை.

இன்று நானே அந்தக் கைப்பிடியில் மணியைக் கட்டினேன். “அப்பா, பக்கத்து வீட்டாக்கள் முறைப்பாடு சொல்லுவினம்” என்றாள் மகள். இவ்வளவையும் எழுதிய பிறகு, எழும்பிப் போய் அவளே முடிச்சை இறுக்கிவிட்டு வந்தாள்.

உங்கட ஐயா கேளாமல் திரும்பிப் போனவர். நான் நீர் நிற்கிற இடத்துக்கு வந்து கேட்பேன்.