பலகையின் மறுமுனை

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன். முடியவில்லை. பயிற்சியை விட்டுவிட்டு வீட்டுக்கே வந்துவிடுகிறேன் என்ற உன் கடிதம் வந்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அம்மா உன் கட்டிலுக்கு விரிப்பு மாற்றிவிட்டாள். துருப்பிடித்துக் கிடந்த உன் சைக்கிளுக்கு அப்பா எண்ணெய் போடுகிறார். ராணுவமும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், பிள்ளை வந்தால் போதுமாம். என் விண்ணப்பத்தைப் பற்றி இருவரும் வாயே திறப்பதில்லை. இன்னும் இதைக் கட்டிக்கொண்டு அழுகிறாளே என்று முகத்தில் எழுதி ஒட்டியிருக்கிறது.

போன வருடம் ஒன்றாகத்தான் அதிகாரிப் பயிற்சித் தேர்வுக்குப் போனோம். துணைக்கு வந்த நீ தேறினாய். ஆசைப்பட்ட நான் திரும்பி வந்தேன். இந்த முறையோடு எனக்கு வயது வரம்பு முடிகிறது, மாதக் கடைசிக்குள் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். என்னை ஏன் கழித்தார்கள் என்று உனக்குத் தெரியும். எல்லாவற்றையும் தானே செய்கிறார், கூட இருப்பவர்களைச் சேர்த்துக்கொள்வதில்லை என்றார்கள். குழுவாகப் பள்ளத்தைத் தாண்டச் சொன்ன அன்று, பலகையை நான் ஒருத்தியே தூக்கிப் போட்டுத் தாண்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தால், என் குழு முழுக்க அந்தப் பக்கமே நிற்கிறது. ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாயே, அதுதான்.

அந்தக் குறை இப்போது இல்லை என்று காட்டினால்தான் மறுபடி கூப்பிடுவார்கள். நான் வேலை செய்யும் சலவைக்கூடத்தின் மேலாளரிடம் பரிந்துரைக் கடிதம் கேட்டேன். ஒழுக்கமானவர், நேரம் தவறாதவர் என்று எழுதிக் கொடுத்தார். காவலாளிக்கும் அதையேதான் எழுதினாராம். கொதிகலன் நின்றுபோன அன்றுகூட ஆஸ்பத்திரித் துணியைச் சொன்ன நேரத்துக்கு அனுப்பினோமே, அதை எழுதுங்கள் சார் என்று கெஞ்சினேன். அன்னிக்கு எல்லாத்தையும் நீதானம்மா செஞ்சே, மத்தவங்க வேடிக்கை பாத்துட்டு நின்னாங்க, அதை எழுதட்டுமா என்று கேட்டார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

மறுநாளிலிருந்து கையைக் கட்டிக்கொண்டு நின்று, வேலையைப் பிரித்துக் கொடுத்துப் பார்க்கிறேன். முதல் நாளே வெள்ளை விரிப்புகளோடு ஒரு சிவப்புத் துண்டு போய்விட்டது. நோயாளிகளுக்கெல்லாம் ரோஜா நிறப் படுக்கை. அப்போதும் நான் கை வைக்கவில்லை. இஸ்திரி போடும் அக்காவும் மற்றவர்களும் சேர்ந்து திரும்ப வெளுத்துவிட்டார்கள். மேலாளர் பார்த்துக்கொண்டே இருந்தார். கடிதத்தை மாற்றித் தருகிறேன் என்றார். கொஞ்சம் மூச்சு வந்தது. அன்று மாலைதான் உன் கடிதம்.

நீ விலகினால் அந்த இடம் எனக்குக் கிடைக்கும் என்று எழுதியிருக்கிறாய். நேரில் இருந்தால் அறைந்திருப்பேன். உனக்கு அளவு சேரவில்லை என்று நான் எடுத்து மாட்டிக்கொள்ள அது என்ன சட்டையா?

படித்த கையோடு, உன்னை விலக விடாதீர்கள் என்று உன் பயிற்சி அதிகாரிக்கு நானே ஒரு மனு எழுதினேன். நேரில் வந்து அவர் காலில் விழவும் தயாராக ரயில் டிக்கெட் எடுத்தேன். பெட்டியில் துணி அடுக்கும்போதுதான் உறைத்தது. மறுபடியும் பலகையைத் தனியாகத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறேன். டிக்கெட்டை ரத்து செய்துவிட்டேன். மனுவையும் கிழித்துவிட்டேன்.

அதனால் நான் வரப்போவதில்லை. மூட்டையைச் சுமந்து ஓடும்போது கடைசியாக வருகிறேன், வெட்கமாக இருக்கிறது என்கிறாய். பக்கத்தில் ஓடுகிறவனிடம் கொஞ்சம் கை கொடுடா என்று ஒருநாளாவது கேட்டாயா? கேட்டிருக்கமாட்டாய். நீயும் நானும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்தானே. நாளைக்குக் கேள்.

நானும் கேட்கிறேன். உதவி கேட்டு எனக்குப் பழக்கமில்லை. இந்த முறையும் தனியாகப் போய் நின்றால் தோற்றுவிடுவேன், தம்பி. அதற்கப்புறம் எனக்கு வேறு வழியே இல்லை. பயமாக இருக்கிறது. நேர்காணலில் என்ன கேட்பார்கள், அங்கே எப்படிச் சேர்ந்து தூக்குகிறீர்கள், எல்லாவற்றையும் எனக்கு எழுது. வீட்டுக்கு வந்து சொல்லாதே. அங்கே இருந்துகொண்டு எழுது.

உன் கால் கொப்புளம் சீக்கிரம் ஆறட்டும். நீ நன்றாக இருக்க வேண்டும். அம்மா விரித்து வைத்திருக்கும் உன் கட்டிலில் இன்றுமுதல் நான் படுத்துக்கொள்கிறேன். இங்கே இடமில்லை. வந்துவிடாதேடா.

உன் பதிலுக்காகக் காத்திருக்கும்,
அக்கா