யவன அரசியும் எங்கள் கிழக்கு வேலியும்

வல்வெட்டித்துறை
தாது வருடம் ஐப்பசி 20

அன்பு மகள் அருமைநாயகிக்கு அம்மா எழுதுவது. முத்துமாரி அம்மன் புண்ணியத்தில் நானும் ஐயாவும் சுகமாயிருக்கிறோம், சிரம்பானில் நீயும் மருமகனும் சின்னவனும் அப்படியே இருக்க வேண்டுமென்று வெள்ளிதோறும் விளக்கேற்றுகிறேன். நீ எழுதிய யவன அரசி கதைப் புத்தகத்தின் ஆறு பிரதியும் நனையாமல் வந்து சேர்ந்தன. ஐயாவுக்கு முழங்கால் வலி இன்னும் விடவில்லை, வாய்க்கு மட்டும் ஒரு வருத்தமும் இல்லை, உன் யவன அரசனின் கப்பல் சோளகக் காற்றில் எந்தப் பாயை இறக்கியிருக்க வேண்டுமென்று மூன்று நாள் சாப்பாட்டு நேரமெல்லாம் சொல்லித் தீர்த்தார்.

ஒரு பிரதியை வாசிகசாலைக்குக் கொடுத்தோம். அங்கே தலைவர் பக்கத்து வளவுப் பொன்னம்பலம் மாமா அல்லவா, இரண்டாம் நாளே திருப்பி அனுப்பிவிட்டார். புருஷன் கடலிலை இருக்க நூறு ஆம்பிளையள் வீட்டுக்குள்ளை குந்தியிருந்து தின்னுற கதை, அதையும் அந்தப் பொம்பிளையே சொல்லுறா, உதை அலுமாரியிலை வைச்சால் எங்கடை பெட்டையள் கெட்டுப்போவினம் என்றாராம். தங்கமுத்துவின்ரை மகளுக்கு மலாயாவிலை தலை கழண்டு போச்சு என்று சந்தையிலும் கதைத்திருக்கிறார். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. என் பிள்ளையின் பெயர் இந்த ஊரில் கெட, நான் சோறு வடித்துக்கொண்டு இருப்பேனா.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்குக் கப்பல்காரர் வீட்டுப் பெண்கள் பதினொரு பேரையும் ஐயாவையும் கூட்டிக்கொண்டு போனேன், அதுவரை பெண் கால் படாத இடம். ஒரேயொரு பக்கம் வாசிக்கிறன், பிழையெண்டு சபை சொன்னால் இதை நானே அடுப்பிலை வைக்கிறன் என்றேன். எந்தப் பக்கம் என்று நீ ஊகித்திருப்பாய். அரசியைக் கட்ட வந்த கூட்டத்தில் ஒருவன், துணை செய்கிறேன் என்று சொல்லி, அவளுடைய ஒலிவத் தோட்டத்துக் கல்மதிலை வருஷம் ஒரு முழம் உள்ளே தள்ளிக் கட்டுகிற இடம்.

ஐயாவின் கப்பல் தூர அக்கியாப்புக் கரையில் உடைந்து இரண்டரை வருஷம் செய்தியில்லாமல் போனபோது, கிழக்கு வேலியை அடைத்துத் தருகிறேன் என்று வந்து, அடைக்கும்தோறும் ஒரு முழம் எங்கள் வளவுக்குள் வந்தவர் இதே மாமாதான். தாலியைக் கழட்டு என்றும் சொன்னவர். சாட்சியில்லாத பேச்சு என்று ஐயாவுக்குக்கூட நான் சொல்லவில்லை, கடலிலேயே காலம் கழித்த மனுஷன் வளவின் எல்லையை என்ன கண்டார். உனக்கு மட்டுந்தான் சொன்னேன்.

நான் அந்தப் பக்கத்தை முடிக்கவில்லை, மாமா எழும்பி, நான் வேலிக் கதியால் நட்டது பழைய எல்லையிலைதான், ஒரு சாணும் தள்ளேல்லை என்றார். சபை திகைத்தது. ஐயா ஒன்றும் தெரியாமல், நெசமாய்த்தான், பொன்னம்பலம், உந்தப் புத்தகத்திலை வேலி எங்கை கிடக்கு, கல்மதிலெல்லோ வாசிச்சவ என்று கேட்டார். முதலில் பெண்கள் சிரித்தார்கள், பிறகு சபை முழுதும் சிரித்தது. ஐயா மட்டும் சிரிக்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார், அப்போதுதான் அவருக்கு விளங்கியது.

வென்றுவிட்டோம் பிள்ளை. புத்தகம் இப்போது அலுமாரியின் மேல்தட்டில் இருக்கிறது, பெண்களும் வந்து எடுக்கலாம் என்று சபை தீர்மானித்தது. வியாழக்கிழமை மாமா ஆள் பிடித்து வந்து கதியாலைப் பிடுங்கினார். எங்கே குழி வெட்டுவதென்று நான் நின்று காட்டினேன், மூன்று முழமும் வந்துவிட்டது. அன்று இரண்டு கோப்பை சோறு கூடுதலாய்ச் சாப்பிட்டேன்.

சின்னவனுக்குச் சனி எண்ணெய் முழுக்கைத் தவறவிடாதே, ராவிலே கண்விழித்து எழுதாதே. அம்மன் உன் கைக்கும் கண்ணுக்கும் காவலாக நிற்பாள். இரண்டாம் அச்சுப் போடும்போது ஒன்றை மட்டும் மறவாமல் திருத்து. அரசன் திரும்பி வந்ததும் அரசி காலில் விழுந்து அழுகிறாள் என்று எழுதியிருக்கிறாய். ஐயா படலையைத் திறந்து வந்த அன்று, காலைக் கழுவிப்போட்டு வாங்கோ என்று மட்டுந்தான் நான் சொன்னேன். அழுதது அவர். அப்படியே போடு, ஐயாவும் ஓம் என்று சொல்லிவிட்டார்.

உன் பெயரை அலுமாரியில் போய்ப் பார்த்துவிட்டு வரும்
அம்மா
தங்கமுத்து