சைஸ் கேட்கும் வேலை

இன்று காலை பேக்கிங் டேபிளில் புதுப் பனியன் துணியின் வாசம் அடித்ததும், நீ வந்துவிட்டாய் என்று திரும்பிப் பார்த்தேன். நீ போய் இரண்டு வருடம் ஆகிறது. இன்னும் திரும்பிப் பார்க்கிறேன். எனக்கே என்மேல் எரிச்சலாக இருக்கிறது.

நீ முதலாளி மகள். நான் விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்து உங்கள் கம்பெனியில் செக்கிங் பார்த்தவள். கம்பெனிக்குள் உன்னை 'மேடம்' என்பேன், வெளியே 'நீ'. பெற்றோர் இல்லாத பெண் பிள்ளைகளின் விடுதிக்கு என்னை முதல்முறை ஸ்கூட்டரில் அழைத்துப் போனாயே, அன்று வார்டன் அம்மா அலமாரியைத் திறந்து காட்டினார். யார் யாரோ கொடுத்த நோட்டும் பென்சிலும் நிரம்பிக் கிடந்தன. நீயோ கொடியில் காய்ந்த உள்ளாடைகளைப் பார்த்துக்கொண்டு நின்றாய். எலாஸ்டிக் போய், ஊக்கு குத்தியிருந்தது. திரும்பும் வழியில் அனுப்பர்பாளையம் வந்ததும், "ஊரு முச்சூடும் ஜட்டி பனியன் தெச்சு உலகத்துக்கே அனுப்பறோம். இந்தப் புள்ளைகளுக்குக் குடுக்க ஒருத்தருக்குந் தோணலயே புள்ள" என்றாய்.

ரிஜெக்ட் பீஸ் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறதே என்றேன். முறைத்தாய். புதுத் துணி வெட்டச் சொன்னாய். ஒவ்வொரு பெண்ணிடமும் காதோடு சைஸ் கேட்கும் வேலையை என் தலையில் கட்டினாய். தைத்து முடித்ததும் காகிதப் பையில் போட்டு, அவரவர் கட்டிலில் வைத்துவிட்டு வந்துவிடுவோம். யார் கொடுத்தது என்று சொல்லவே கூடாது, அதில் நீ கறார். போட்டோ எடுக்கலாமா என்று வார்டன் அம்மா கேட்டதற்கு, "ஜட்டி வாங்கறப்ப நீங்க போட்டோ எடுத்துக்குவீங்களாங்க?" என்றாய். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

காய்ச்சல் என்று படுத்தாய், எழவில்லை. முப்பதுகூட ஆகவில்லை உனக்கு. உன் அப்பா அந்த வேலையை நிறுத்தவில்லை. இப்போது ஐந்து விடுதிகளுக்குப் பைகள் போகின்றன. இந்த வருடம் மட்டும் அவருக்கு ஓர் ஆசை வந்தது. மேடை போட்டு, உன் படத்தைப் பெரிதாக வைத்து, பிள்ளைகள் ஒவ்வொருவராக ஏறி வாங்க வேண்டுமாம். நான் வேண்டாம் என்றேன்.

"ஏனம்மிணி, எம்புள்ள பேரு நாலு பேருக்குத் தெரிய வேண்டாமா?" என்று கேட்டார். கண் கலங்கியிருந்தது.

எனக்கும் அதே ஆசைதான். ஆனாலும், "மேடையில வச்சுக் குடுத்தா அந்தப் பிள்ளைக கூசிப்போகுமேங்கய்யா. அவ இருந்தா ஒத்துக்கிட மாட்டா" என்றேன். அவர் முன்னால் உன்னை 'அவ' என்று சொன்னது அதுதான் முதல்முறை. கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு பந்தல்காரருக்குப் போன் போட்டு வேண்டாமென்றார்.

இன்று மதியம் நம் முதல் விடுதிக்கு நான் மட்டும்தான் போனேன். வழியெல்லாம் பேச ஆளில்லை. உன்னைப் பற்றிப் பேச இந்த ஊரில் எனக்கு உன் அப்பாவை விட்டால் யாருமில்லை. அவரிடம் பேச்செடுத்தால் அழுதுவிடுகிறார்.

பைகளைக் கட்டில்களில் வைத்துவிட்டுப் படியிறங்கும்போது, புதிதாகச் சேர்ந்த சிறுமி ஒருத்தி பின்னாலேயே வந்தாள். "யாருக்கா இதெல்லாம் குடுத்தது?" என்றாள்.

உன் பேர் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதைச் சத்தமாகச் சொல்லி எத்தனை நாளாயிற்று தெரியுமா? ஒரே ஒரு தடவை சொல்லியிருந்தால் நெஞ்சு கொஞ்சம் லேசாகியிருக்கும்.

"தெரிஞ்சவங்கதாம்மா" என்றேன். சொல்லாத உன் பேரோடு வீடு வந்து சேர்ந்தேன்.