கேட்டில் வைத்த வாளி

நவம்பர் 2, ஞாயிறு

விடியற்காலையிலிருந்து தூறல். துவைத்தது எதுவும் காயவில்லை. ஏழரைக்கு இவருக்கு மாத்திரை. மாதனூர் ஸ்டாப்பில் பஸ் வந்து நின்றும் இவருக்குக் கால் எழவில்லை. படியருகே அப்படியே நின்றுவிட்டார். உள்ளேயிருந்து ஒரு குரல்: "காலைலயே ஊத்திகினு வந்துட்டாரு பாரு." ஏறியதும் அவனை நன்றாகக் கேட்டுவிட்டேன். பார்க்கின்சன் என்று சொன்னால் அவனுக்குப் புரியவா போகிறது. நடுக்கு வியாதி என்றேன். வாயை மூடிக்கொண்டான்.

ஆம்பூர் மஹாலில் டான்ஸ் கிளாஸ். வேலூரிலிருந்து நிர்மலா மிஸ் வந்திருந்தார். எல்லாரும் நரம்பு வியாதிக்காரர்கள். பக்கவாதம் வந்த ரஃபீக் பாய் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தோளை ஆட்டுகிறார். என் வீட்டுக்காரர் வாசற்படிகூடத் தாண்ட முடியாத மனிதர், மேளம் அடிக்கிற பாட்டைப் போட்டால் ஹாலின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை போகிறார். ஏன் அப்படி என்று டாக்டர் சொன்னார். பாதிதான் புரிந்தது. புரியாவிட்டால் என்ன. அந்த ஒரு மணி நேரம் இவர் பழைய மனிதர்.

முடிந்ததும் மிஸ் உட்காரவைத்துச் சொன்னார். மஹால்காரர் இதுவரை சும்மா விட்டார், இனிமேல் வாடகை வேண்டுமாம். மிஸ்ஸும் கைக்காசைப் போட்டுத்தான் வந்துகொண்டிருந்தாராம். அவரவர் இடத்தில் கேட்டுப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் இந்த மாதத்தோடு சரி.

ரஃபீக் பாய்: "நா பஜார்ல கேக்கறேன். நீங்க கம்பெனில கேளுங்கமா. கம்பெனி ஜனம் தாராளமா குடுக்கும்."

திரும்பும்போது இவர் ஜன்னல் பக்கம் பார்த்தபடி வந்தார். "நிறுத்திடுவாங்களா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார்.

நவம்பர் 7, வெள்ளி

சம்பளம் பேங்கில் ஏறிவிட்டது. வாங்க வேண்டியது: புளி, இவருக்கு இரண்டு வார மாத்திரை, ஒரு பச்சை வாளி.

எங்கள் ஷூ கம்பெனியில் வசூல் என்றால் வாளிதான். சம்பளம் ஏறிய மறுநாள் கேட்டருகே நாற்காலி போட்டு, அதில் போட்டோவை வைத்து, முன்னால் வாளி. கம்பெனி பஸ் ஏறப்போகிறவர்கள் போட்டுவிட்டுப் போவார்கள். யார் எவ்வளவு போட்டார்கள் என்று யாரும் பார்ப்பதில்லை. வேறு விதமாக வசூல் பண்ண எங்களுக்குத் தெரியாது. வசந்தா அக்காதான் எப்போதும் முன்னால் நின்று செய்வாள். இப்போது மகளின் பிரசவத்துக்காகக் குடியாத்தம் போயிருக்கிறாள், திங்கள்தான் வருவாள். அதுவரை தள்ளிப்போட முடியாது.

நான் தைக்கிற முதல் யூனிட்டில் வேண்டாம், இரண்டாவது யூனிட் கேட்டில் வைக்கலாம். இவர் தோல் வெட்டும் கட்டிங் செக்‌ஷனில் இருந்தது அங்கேதான். எல்லாருக்கும் ஏகாம்பரத்தைத் தெரியும். வேலையை விட்டபோது எடுத்த போட்டோ இருக்கிறது, வெள்ளைச் சட்டையில். ஸ்டுடியோவில் பெரிதாக்கி வாங்கிவந்தேன். இவரிடம் காட்டினேன். "நல்லாத்தான் இருந்திருக்கேன்" என்றார்.

நவம்பர் 8, சனி

கனமழை. வாளியை வாட்ச்மேனிடம் ஒப்படைத்துவிட்டு என் யூனிட்டுக்கு ஓடினேன். 'நடனப் பயிற்சிக்கு உதவுங்கள்' என்று அட்டையில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதி நாற்காலியில் ஒட்டியிருந்தேன். சாயங்காலம் லைனில் வேலை முடியவில்லை. நான் போய்ச் சேரும்போது கடைசி பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது.

வாளி நிறைந்திருந்தது. மேலே வாட்ச்மேன் பிளாஸ்டிக் பையைப் போட்டு மூடியிருந்தார். நம்பவே முடியவில்லை. தலையில் துண்டோடு நனைந்துகொண்டு நின்றேன். தெரியாத ஒரு அம்மா பஸ்ஸிலிருந்து இறங்கிவந்து என் கையைப் பிடித்து அழுதாள். "தைரியமா இரும்மா. நல்ல மனுஷன்." நோயை நினைத்து அழுகிறாள் என்று நினைத்தேன். சரிங்க, இருக்கேங்க என்றேன்.

வீட்டில் வாளியைப் பார்த்ததும் இவர் முகம் மலர்ந்தது. ஜனங்கள் நல்லவர்கள். இன்றைக்கு நிம்மதி.

நவம்பர் 9, ஞாயிறு

எழுதவே பிடிக்கவில்லை.

கிளாசுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தோம். இவர் வாசலில் நாற்காலியில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஆட்டோ வந்து நின்றது. கட்டிங் செக்‌ஷன் முனுசாமியும் இன்னும் இரண்டு பேரும். முனுசாமி கையில் பெரிய ரோஜா மாலை. இறங்கியவன் இறங்கிய இடத்திலேயே நின்றுவிட்டான்.

இவர் கேட்டார், "யாருக்குடா மாலை?"

முனுசாமி மாலையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். அவ்வளவு பெரிய மாலையை எப்படி மறைப்பது. "ணா... கேட்ல வாளி வெச்சிருந்தாங்கணா. உன் போட்டோ இருந்திச்சி."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை வருஷத்தில் சாவுக்குத் தவிர எங்கள் கேட்டில் வாளி வைத்ததே இல்லை. எனக்கு வசூல் என்றால் வாளி. அவர்களுக்கு வாளி என்றால் சாவு. அதுவும் மாலை போடாத குறைதான், வெள்ளைச் சட்டை போட்டோ வேறு. உள்ளே போய் அட்டையை எடுத்துப் பார்த்தேன். மையெல்லாம் மழையில் கரைந்து நீலத் திட்டு. ஒரு எழுத்துகூட இல்லை.

முனுசாமி இவர் காலடியில் உட்கார்ந்து அழுதான். இவர்தான் அவனைத் தேற்றினார். கை ஆட ஆட அவன் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். டீ போட்டுக் கொடுத்தேன். மாலையைத் திரும்ப எடுத்துப்போகச் சொன்னேன்.

அவர்கள் போனபின், கிளம்புங்க, நேரமாச்சு என்றேன். "நா வரல. செத்தவன் எங்க போய் ஆடறது."

நாள் முழுக்கச் சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். என் மேல்தான் எனக்கு ஆத்திரம்.

நவம்பர் 10, திங்கள்

மழை விட்டது. வசந்தா அக்கா வந்துவிட்டாள். பேத்தி. சர்க்கரை கொடுத்தாள், வாயில் போட்டுக்கொண்டே அழுதுவிட்டேன். சாப்பாட்டு நேரத்தில் எல்லாம் சொன்னேன். திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றேன்.

"யாருக்குன்னு குடுப்ப? யார் போட்டாங்கன்னு பாக்கக்கூடாதுன்னுதானே வாளி வெக்கறோம்."

டிபன் பாக்ஸை மூடிவைத்துவிட்டுச் சொன்னாள். "உன்கிட்ட இத சொல்றதுக்கு எனக்கு பேஜாராத்தான் இருக்குது சாந்தி. ஒரு வூட்ல ஒரு ஆளுக்கு ஒரு வாட்டிதான் வாளி. ஆரம்பத்துலேர்ந்து அப்படித்தான். ஏகாம்பரம் அண்ணனுக்கு வெச்சாச்சி. நாளைக்கு எதுனா ஆச்சின்னா மறுபடி வெக்க நா வந்து நிக்க முடியாது. ஜனம் கேக்கும்."

தப்பு சொல்ல முடியாது. எல்லாருக்கும் ஒரே சட்டம்.

"அத அப்படியே பேங்க்ல போட்டு வெய்யி. அப்புறம் காரியத்துக்கு ஆவும்" என்றாள்.

நவம்பர் 12, புதன்

அந்தப் பணத்தை நான் இன்னும் தொடவில்லை. பணம்கூடப் பெரிதில்லை, எப்படியாவது புரட்டிக்கொள்ளலாம். வாளி வைக்கிற அன்றைக்குக் கம்பெனி பஸ் கொஞ்சம் நின்றுபோகும். பேசிக்கொண்டு வருகிறவர்கள் போட்டோ முன்னால் பேச்சை நிறுத்துவார்கள். தோல் வெட்டியே தேய்ந்த மனிதருக்கு அது ஒன்றுதான் கம்பெனியிலிருந்து கிடைக்கிற மரியாதை. அதை இவர் உயிரோடு இருக்கும்போதே நான் செலவழித்துவிட்டேன்.

ராத்திரி சோறு ஊட்டும்போது இவரிடம் வசந்தா அக்கா சொன்னதைச் சொன்னேன். மறைக்க மனசு வரவில்லை. மென்று முடித்துவிட்டுச் சொன்னார்.

"மிஸ்கிட்ட குடுத்துடு."

"அதயும் குடுத்துட்டா அப்புறம்? உங்களுக்கு இனிமே யாரும் வாளி வெக்க மாட்டாங்க."

"செத்தப்புறம் எனக்கு இன்னா தெரியப்போவுது. ஞாயித்துக்கிழம ஆடனா தெரியுது."

தட்டைக் கழுவ எழுந்து போய்விட்டேன். குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

நவம்பர் 14, வெள்ளி

கம்பெனி பஸ்ஸில், எனக்குப் பின் சீட்டில்: "சாவு வாளி வெச்சி வசூல் பண்ணி, அந்த துட்டுல டான்ஸ் ஆடப்போறாங்களாம்." இன்னொருத்தி: "விடுடி. யாரு கண்டா, இன்னும் எத்தன நாளோ."

முதலாவது பேச்சு சுருக்கென்றது. இரண்டாவதுதான் தாங்கவில்லை.

சிலிண்டர் புக் பண்ண வேண்டும்.

நவம்பர் 16, ஞாயிறு

வெயில். இவரே ஷேவ் பண்ணச் சொன்னார். அந்த வெள்ளைச் சட்டையைக் கேட்டார், தோளில் தொங்குகிறது. பஸ் வழியில் ரிப்பேர், வேறு பஸ் பிடித்துப் போவதற்குள் மாத்திரை வேலை செய்கிற நேரம் தப்பிவிட்டது.

ரஃபீக் பாய் பஜாரில் கேட்டு வந்தது கொஞ்சம் கம்மிதான். எங்கள் வாளி இருந்ததால்தான் வருஷம் முழுக்கக் கிளாஸ் நடக்கும் என்று மிஸ் சொன்னார். எப்படி வந்த பணம் என்று தெரிந்ததும் வாங்க மாட்டேன் என்று கையை இழுத்துக்கொண்டார். இவர்தான், "வாங்குங்க மிஸ். என்னோடதுதான் அது" என்றார்.

பாட்டு போட்டார்கள். எல்லாரும் எழுந்தார்கள். இவரும் எழுந்தார். கால் வரவில்லை. தரையோடு ஒட்டிக்கொண்ட மாதிரி. பாட்டு முடிந்தது. மிஸ் வேறு மேளப் பாட்டு போட்டார். எண்ணிக்கொடுத்தார், தாண்டச் சொல்லித் தரையில் கோடு போட்டுக் காட்டினார். உடம்பு முன்னால் சாய்கிறது, கால் நகரவில்லை. நெற்றியெல்லாம் வேர்வை. மற்றவர்கள் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள்.

ரஃபீக் பாய்: "மெதுவா வாங்க ஏகாம்பரம். ஜல்தி இல்ல."

நான் எப்போதும் ஓரத்தில் நாற்காலியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எழுந்து போய் எதிரில் நின்று இரண்டு கையையும் பிடித்தேன். ஜில்லென்று இருந்தது. மிஸ் பாட்டை மறுபடி முதலிலிருந்து போட்டார்.

"இன்னிக்கு வராது சாந்தி" என்றார், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "நீ ஆடு. நா பாக்கறேன்."

எனக்கு ஆட வராது. கல்யாணத்தில்கூட ஆடியதில்லை. கையை விடாமல், எல்லாரும் பார்க்க, ஆடினேன்.